இருபத்துமூணு, மைக்கைப் போடு

நாற்பத்தாறு வயதில் எனக்கு ஒரு கணக்கு டீச்சர் வாய்த்தார். வாரத்துக்கு ஆறு நாள், காலை எட்டேகால் மணிக்கு, ஓடுகிற பஸ்ஸில் வைத்து என்னை வறுத்தெடுத்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஸ்கெலட்டன் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருக்கிற பாதிப் பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். அவ்வளவு பேர் அவரிடம் படித்திருக்கிறார்கள். ‘மிஸ்’ என்றே சொல்கிறேன். தங்கச் சுரங்கத்துக்காரர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் அந்த ஒரு சொல் போதும்.

மிஸ் என்னைவிட நாலைந்து வயது சின்னவர். மார்க்கெட்டில் எதிரே வந்தால், “வாங்கண்ணா, நல்லா இக்கிறீங்களா? அண்ணி சௌக்கியமா?” என்று நின்று கேட்பார். அப்படி ஒரு மரியாதை. அதே ஆள் போனில் வந்தால், “ஏய் இருபத்துமூணு, இன்னா முழிக்கற? மைக்கைப் போடு!” இரண்டும் ஒரே நாளில் நடக்கும். காலையில் ‘ஏய்’, சாயங்காலம் ‘அண்ணா’. எந்த நேரத்தில் எப்படி நிற்பது என்று எனக்குத்தான் குழப்பமாக இருக்கும்.

இருபத்துமூன்று என்பது என் மகளுடைய ரோல் நம்பர். கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிய வருஷம் அவள் பத்தாவது, தமிழ் மீடியம். பாடமெல்லாம் இனிமேல் போனில் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஆள் நாலு, போன் ஒன்று. நான் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தவரை போன் அவளிடம் இருந்தது. பிறகு ஹொஸ்கோட்டை பக்கத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. ரயில் ஓடவில்லை என்பதால் பஸ் அனுப்பினார்கள், சீட்டுக்கு ஒருவர், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு. கம்பெனி கேட்டில் போனைத் திறந்து, தொற்று இல்லை என்கிற பச்சைக் குறியைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். ஆக, போன் என்னோடு வந்தே தீர வேண்டும். மிஸ்ஸாவது வகுப்பைச் சாயங்காலம் வைக்கலாம் என்றால், அவருக்கும் வழியில்லை. ஒன்பது மணிக்கு அவருடைய பையனுக்கு வகுப்பு, சாயங்காலம் அவர் வீட்டுக்காரர் வேலைக்குப் போனை எடுத்துப் போய்விடுவார். அங்கேயும் போன் ஒன்றுதான்.

நானோ பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவன். அதனால்தான் முப்பது வருஷமாக ஸ்டோர்ஸில் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். என் மகளுக்கு பி.யு.சி.யில் சயன்ஸ் எடுக்க வேண்டும் என்று ஆசை. அதற்குக் கணக்கு வேண்டும். நான் போனை எடுத்துக்கொண்டு போய் அவள் பெயிலானால் அந்தப் பழி யார் தலையில் விழும்? என் தலையில்தான். அதனால் ஒரு திட்டம் போட்டேன். பஸ்ஸில் நானே வகுப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மிஸ் சொல்வதை எழுதிவந்து, சாயங்காலம் அவளுக்குச் சொல்லிவிடுவது. வாயே திறக்கப் போவதில்லை, யாருக்குத் தெரியப் போகிறது?

முதல் நாளே தெரிந்துவிட்டது. பஸ் பங்காருபேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டும்போது மிஸ் அட்டெண்டன்ஸ் எடுத்தார்.

“ரோல் நம்பர் இருபத்துமூணு!”

“பிரசென்ட் மிஸ்,” என்றேன், முடிந்தவரை மெல்லிய குரலில்.

“யாரு அது, சளி புடிச்ச மாதிரி?”

“அவ அப்பா மிஸ். அவ வரல. போன் நான் எடுத்துனு வந்துட்டன்.”

“போன் யாரு கையில இக்குது?”

“என் கையில.”

“அப்ப நீதான் இருபத்துமூணு. நேத்து குடுத்த கணக்கு போட்டியா?”

நான் சிரித்தேன். எனக்குப் பின்சீட்டில் இருந்த ஆரோக்கியமும் சிரித்தான். மிஸ் சிரிக்கவில்லை. போட்டியா இல்லையா என்று மறுபடி கேட்டார். இல்லை என்றதும், பித்தாகரஸ் தேற்றத்தை இருபது தடவை எழுதி மறுநாள் கேமராவில் காட்டச் சொன்னார். ஐயோ சாமி! பிள்ளை குட்டி பெற்றவன் நான். உட்கார்ந்து, டெலிவரி சலானின் பின்பக்கத்தில் எழுதினேன்.

இதுதான் மிஸ். போன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஸ்டூடண்ட். இந்தச் சட்டம் அவருக்கு வீட்டிலிருந்து வந்தது. அவருடைய அப்பா மைன்ஸில் டோக்கன் ஜன்னலில் இருந்தவர். ஷிப்டுக்கு இறங்குகிற ஒவ்வொருவரும் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு, சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில் ஏற வேண்டும். மேலே வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலகையில் ஒரு டோக்கன் குறைந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். ஒருமுறை ஒருத்தர் டோக்கனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, இறங்காமலே ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். அவர் பந்தியில் மூன்றாவது தடவை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தபோது, இங்கே லெவல் லெவலாக விளக்கைப் பிடித்துக்கொண்டு அவரைத் தேடியிருக்கிறார்கள். மிஸ் இதை மாதத்துக்கு ஒரு தடவையாவது வகுப்பில் சொல்வார். “டோக்கன் எடுத்தவன் உள்ள இக்கறான். எங்கப்பாவுக்கு மூஞ்சி கணக்கு இல்ல, டோக்கன்தான் கணக்கு.”

அதனால் அவர் வகுப்பில் சேர்வது ‘இறங்கறது’. நெட் போனால் ‘கேஜ் நின்னுபோச்சு’. வகுப்பு முடிந்ததும் சட்டென்று அணைத்துவிட மாட்டார். “எல்லாரும் மேல வந்துட்டீங்களா?” என்று கேட்டு, கடைசிப் பெயர் திரையிலிருந்து மறைகிறவரை உட்கார்ந்திருப்பார். ஒருநாள் ஒரு பையன் போனை அப்படியே வைத்துவிட்டுக் கோலி விளையாடப் போய்விட்டான். மிஸ் கால்மணி நேரம் அந்த வீட்டுக் கூரையைப் பார்த்து, “தம்பி, மேல வா, தம்பி, மேல வா” என்று கத்திக்கொண்டிருந்தாராம். கடைசியில் அந்த வீட்டுப் பாப்பா, மூன்று வயதுதான் இருக்கும், போனை எடுத்திருக்கிறது. உடனே மிஸ், “பேரு இன்னா கண்ணு? சரி, பத்து வரைக்கும் சொல்லு” என்று அதற்குப் பாடம் எடுத்திருக்கிறார். அது ஆறுக்குப் பிறகு ஒன்பது என்றது. வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டுத்தான் விட்டார்.

மிஸ்ஸுக்குக் கரும்பலகை கிடையாது. சமையலறைக் கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்து அதில் சாக்பீஸால் எழுதுவார். நாற்காலி மேல் நிற்கும் போனில், முதல் இரண்டு வாரம் அவருடைய நெற்றியும் மேலே சுற்றுகிற ஃபேனும் மட்டும் தெரிந்தன. கணக்குக்கு நேரம் குக்கரை வைத்து. “மூணு விசில். அதுக்குள்ள போட்டு முடிக்கணும்!” துவரம்பருப்பு வைத்த நாளில் சுலபமான கணக்கு, கொண்டைக்கடலை வைத்த நாளில் கஷ்டமான கணக்கு. ஒருநாள் செங்கோண முக்கோணத்தைப் பெரிதாக வரைந்து, “இப்ப எல்லாரும் கர்ணத்த பாருங்க” என்று கம்பால் தொடப்போனார். தண்ணீர் குடிக்கப் போயிருந்த அவர் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கதவைத் திறந்தார். முக்கோணம் அப்படியே சமையலறைக்குள் போய்விட்டது. அதன் இடத்தில் பனியனும் சொம்புமாக ஒரு மனிதர். “ஐயோ, அங்க நிக்காதீங்க, நீங்க கர்ணத்துல நிக்கறீங்க!” என்று மிஸ் கத்தினார். பஸ்ஸே அதிர்ந்தது. டிரைவர் நாகராஜண்ணா வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார்.

நாகராஜண்ணா கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். காலையில் நான் ஏறினதும், “ஏனப்பா, ஹோம் வர்க் ஆயிதா?” என்பார். கோலாரைத் தாண்டி ஒரு இடத்தில் சிக்னல் செத்துப்போகும், நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்தில் போனவை போனவைதான். வட்டத்தின் தொடுகோட்டைப் பற்றி முதல் வரியும் கடைசி வரியும் எனக்குத் தெரியும், நடுவில் என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. இதைச் சொல்லி நான் புலம்பியதைக் கேட்ட நாகராஜண்ணா, அதன் பிறகு அந்த இடத்துக்கு முன்னால் வண்டியை மெதுவாக்க ஆரம்பித்தார். ஒருநாள் கணக்கு நீண்டுபோனதால் நிறுத்தியே விட்டார். எல்லோரும் பன்னிரண்டு நிமிஷம் தாமதம். கேட்டில் சூப்பர்வைசர் ஏன் லேட் என்று கேட்டதற்கு, ஆரோக்கியம் முந்திக்கொண்டு, “வர்க்கமூலம் சார்” என்றான். அந்த ஆள் ஏதோ பெரிய வியாதி என்று நினைத்து ரெண்டடி தள்ளி நின்றார்.

என் பங்குக்கு நானும் மிஸ்ஸைப் பாடுபடுத்தினேன். “ஒரு ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது” என்று ஒரு கணக்கு வரும். ஏணியின் நீளம் பதின்மூன்று அடி, அடிப்பக்கம் சுவரிலிருந்து ஐந்து அடி, எவ்வளவு உயரம்?

“மிஸ், ஒரு டவுட்டு. ஏணிய யாரு புடிச்சிகினு இக்கறாங்க?”

“யாரும் புடிக்கல.”

“அப்ப ஏறக் கூடாது மிஸ். எங்க ஸ்டோர்ஸ்ல கீழ ஒரு ஆளு புடிச்சாத்தான் மேல ஏறலாம். அது ரூல்ஸு.”

“கேள்வில இல்லாத ஆள உள்ள இறக்காத! அப்பால அவன மேல கொண்டாறது யாரு? பதில சொல்லு!”

பன்னிரண்டு என்று யாரோ எழுதியது திரையில் ஓடியது. அந்த ‘யாரோ’தான் எனக்கு ஜென்ம எதிரி. போனில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் தெரியுமல்லவா, அந்த ஆளுக்கு ‘இயேசு ஜீவிக்கிறார்’ என்று வரும். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கதவில் இருக்கிற வாசகம், யார் போன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முகம் காட்டாது, வாயைத் திறக்காது, சரியான விடையை மட்டும் எழுதிப் போடும். மிஸ்ஸும் அசராமல், “இயேசு ஜீவிக்கிறார், வெரி குட். இருபத்துமூணு, பாத்து கத்துக்கோ” என்பார். ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொள்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் போய், “யாரோ ஒரு அதிகப்பிரசங்கி, எல்லாத்துக்கும் முந்திரிக்கொட்ட மாதிரி பதில் சொல்லுது” என்று பொரிந்து தள்ளுவேன். என் மகள் “அப்படியாப்பா?” என்பாள். நல்ல பிள்ளை, அப்பாவுக்கு ஒத்தாசையாக நாலு திட்டுத் திட்டக் கூடாதா?

வாய்மொழித் தேர்வு அன்றைக்கு நான் முழுக் கை சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

“இருபத்துமூணு. சைன் முப்பது?”

நான் சட்டைக் கைப் பொத்தானைத் திருகினேன். பின்னாலிருந்து ஆரோக்கியம் “அரை, அரை” என்றான். வேறொருவன் “ஒண்ணரை” என்றான். நாகராஜண்ணா ஸ்டியரிங்கிலிருந்து “அர்தா!” என்று கன்னடத்தில் கத்தினார்.

“பஸ்ஸு வாய மூடு!” என்றார் மிஸ். “காப்பியா அடிக்கறீங்க? எத்தன பேரு இக்கறீங்க?”

“டிரைவரோட பதினொண்ணு மிஸ்.”

“பதினோரு பேரும் நாளைக்கு சைன், காஸ், டேன் அட்டவணைய பத்து தடவ எழுதினு வரணும். டிரைவரு வண்டி நின்னப்புறம் எழுதட்டும்.”

எழுதினார்கள் ஐயா! கேலியாக ஆரம்பித்தாலும் எழுதினார்கள். ஆரோக்கியம் மனைவியிடம் கொடுத்து எழுத வைத்ததை மிஸ் கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, அவனை மறுபடி எழுத வைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சலான் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு மகளுக்குப் பாடம் எடுப்பேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். நடுவில் “அப்பா, அது எதிர்ப்பக்கமா, அடுத்துள்ள பக்கமா?” என்று ஒரு கேள்வி போடுவாள். நான் சலானைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். “நாளைக்கு மிஸ்ஸ கேட்டுனு வாப்பா” என்பாள். மறுநாள் கேட்பேன், திட்டு வாங்குவேன், விடையோடு வருவேன். இந்தப் பெண் இப்படி அரைகுறையாகக் கேட்டு எப்படிப் பரீட்சை எழுதப் போகிறாள் என்று எனக்கு நாளாக ஆகப் பயம் அதிகமாகிக்கொண்டே போனது. பஸ்ஸில் சிரித்ததெல்லாம் சிரிப்பு, உள்ளுக்குள் அடித்துக்கொண்டதுதான் நிஜம்.

பத்தாவதுக்கு மட்டும் பள்ளிக்கூடம் திறந்தபோது லீவு போட்டுவிட்டு மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். வராந்தாவில் நின்றிருந்தார். “வாங்கண்ணா” என்றார். அந்த ‘அண்ணா’வைக் கேட்டதும் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டேன்.

“மிஸ், எம்பொண்ணு மேல தப்பு இல்ல. நான் போன எடுத்துனு போனப்புறம் அவ ஒரு கிளாஸ்கூட பாக்கல. எல்லாம் எங்காதுலதான் வுழுந்துச்சு, அதுலயும் பாதி பஸ்ஸு சத்தம். அவ பெயிலானா அது நான் பண்ண பாவம். அவள எப்டியாவது கர சேத்துடுங்க.”

மிஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இன்னாண்ணா சொல்றீங்க? மொத வாரத்த வுட்டா அவ ஒரு நாளுகூட லீவு போடலயே.”

அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். இருபத்துமூன்றுக்கு நேராக என் மகள் பெயர், வரிசையாக டிக். கீழே முப்பத்தெட்டோடு அச்சடித்த வரிசை முடிந்து, அதற்கும் கீழே பேனாவால் எழுதியிருந்தது: ‘39. இருபத்துமூணோட அப்பா.’ அதற்கு நேராகவும் டிக்.

“ரெண்டாவது வாரத்துலர்ந்தே பக்கத்து வீட்டு மேரியக்கா போன வாங்கி கிளாஸுக்கு வரா. இயேசு ஜீவிக்கிறார்னு வரல? அவதான்.”

அந்த அதிகப்பிரசங்கி என் வயிற்றில் பிறந்ததா!

“ஏன் மிஸ் சொல்லல? நான் மனுசனா நாயா? பைத்தியக்காரன் மாதிரி சலான்ல எழுதிகினு...”

“ரெண்டு டோக்கன் எடுத்தா ரெண்டு ஆளு இறங்கிக்கறாங்கன்னு அர்த்தம். ஒருத்தர மேல போன்னு சொல்ல நான் யாரு? அதுவும் இல்லாம, அவதான் சொல்லாதீங்க மிஸ்னா. அப்பா இப்பதான் படிக்க ஆரம்பிச்சிக்கறார், நிறுத்திடுவார்னா.”

கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் முகமூடியைச் சரிசெய்துகொண்டேன். கிளம்புகிறேன் என்றேன்.

“எங்க கிளம்பறீங்க? இன்னைக்கு டெஸ்ட்டு. வந்தது வந்துட்டீங்க, எழுதிட்டு போங்க.”

கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். என் முழங்கால் மேஜைக்கு அடியில் போகவில்லை, பக்கவாட்டில் வைத்துக்கொண்டேன். நான் உட்கார்ந்த அடுத்த நொடி, “ஏய், அக்கம்பக்கம் பாக்காத” என்றார். முன்னால் மூன்றாவது பெஞ்சில் ரெட்டைப் பின்னலோடு என் மகள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை, ஆனால் அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

மதியமே திருத்திவிட்டார். மகளுக்குத் தொண்ணூற்றொன்று. எனக்கு முப்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ்.

“நாலு மார்க்குதான மிஸ், போட்டு வுடுங்க. ஏணி படம் நல்லாதான போட்டுக்கறேன்?”

“ஏணிய புடிக்க ஒரு ஆளையும் போட்டுக்கற. அதுக்கு தொப்பி வேற. நாளைக்கு பேரண்ட்ட கூட்டினு வா.”

சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை. என் அப்பா போய்ச் சேர்ந்து பதினாலு வருஷம், அம்மா அதற்கும் முன்னால். இதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். என் மகள் தட்டைப் பார்த்தபடியே, “நான் வரேன்பா” என்றாள்.

மறுநாளும் லீவு போட்டுவிட்டுப் போனேன். மகள் யூனிஃபார்மில் வந்து என் பக்கத்தில் நின்றாள். மிஸ் பேப்பரை எடுத்து மேஜையில் வைத்தார்.

“வீட்ல படிக்கிறாரா?”

“படிக்கிறார் மிஸ். எழுதிப் பாக்க மாட்டாரு. எல்லாம் வாயிலயே போடுவாரு.”

“நீங்க கொஞ்சம் கண்டிச்சி வெக்கணும்.”

“சரிங்க மிஸ்.”

நான் பத்தாவது படித்தபோது ஒரு கணக்கு டெஸ்ட்டில் எனக்குப் பத்தொன்பது மார்க். பயத்தில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். வாத்தியார் பிடித்துக்கொண்டு, நாளைக்கு அப்பாவோடு வா என்றார். சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தவன், அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. என் மனைவிக்குக்கூட இது தெரியாது. இப்போது, முப்பத்தொன்று என்ற சிவப்பு எண்ணுக்குக் கீழே என் மகள் பேனாவை வைத்துத் தன் பெயரை முழுசாக எழுதினாள். முன்னால் இனிஷியல், அது என் பெயரின் முதல் எழுத்து.

“நான் பாத்துக்கறேன் மிஸ்,” என்றாள். “அடுத்த டெஸ்ட்டுல பாஸ் பண்ண வெச்சிடறேன்.”

மிஸ் என் பக்கம் திரும்பினார். “இன்னா நின்னுகினு இக்கற? போ, போய் உக்காரு.”

நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.